உப்புக் காற்றும் பழைய கமராவும்

உலகிலே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பித்து உண்டு. எம்முடன் கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் தபால் முத்திரை சேர்க்கிறார். தமிழாசிரியரோ பழைய பஞ்சாங்கங்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார். எமக்கு வாய்த்த பித்து, பிலிம் இட்டுப் படம் பிடிக்கும் பழைய கமராக்களையும் அவற்றின் வில்லைகளையும் தேடிப் பெறுவதும், பழுது தீர்ப்பதும், பின்னர் அவற்றாலேயே படம் எடுப்பதும் ஆகும். கைத்தொலைபேசியை ஒரு விரலால் தொட்டவுடன் நூறு படங்கள் வந்து குவியும் இக்காலத்திலே, இஃது என்ன வீண் வேலை என்று கேட்போர் பலர். எம் இல்லாளும் கேட்டிருக்கிறார். "அலுமாரியிலே சேலை வைக்க இடமில்லை, இந்தப் பெட்டிகளுக்கு மட்டும் இராச உபசாரமோ?" என்பது அவர் அடிக்கடி தொடுக்கும் வினா.

அவ்வினாவுக்கு விடை கூறும் பொருட்டே இதனை எழுதப் புகுந்தோம். விடை போதுமானதா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

நாம் வாழ்வது புத்தளம் மாவட்டத்துக் கரையோரம். மேற்கே கடல், வடக்கே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாடு, அதற்கும் பெருநிலத்துக்கும் நடுவே புத்தளம் களப்பு. வெயிலும் காற்றும் உவர்நீரும் ஒன்று சேர்ந்து இங்கே உப்பை விளைவிக்கின்றன. பாலாவியிலும் புத்தளத்திலும் பாத்தி பாத்தியாகப் பரந்திருக்கும் உப்பளங்களை வழிப்பயணிகள் கண்டிருப்பர். நாட்டுக்கு உப்பைத் தரும் அதே காற்றுத்தான் எம் வீட்டு அலுமாரிக்குள்ளும் நுழைகிறது. திண்ணையிலே ஓர் இரும்பாணியை வைத்துச் சில வாரம் கழித்துப் பார்த்தால் அது செந்நிறமாகியிருக்கும். மழைக்காலத்திலே குசினிச் சாடியிலுள்ள உப்பு நீர் கோப்பதைப் பெண்கள் அறிவர். கமராவின் நுண்ணிய திருகாணிகளிலும் சுருள்வில்களிலும் படியும் உப்பும் அவ்வாறே ஈரத்தை இழுத்து உலோகத்தைத் தின்கிறது. பழைய கமராக்களைச் சேர்ப்பதற்கு இதைவிடப் பொருந்தாத இடம் இலங்கையிலே வேறு இருக்க முடியுமா என்பது ஐயமே.

துருவைக் காட்டிலும் கொடியது பூஞ்சணம். காற்றிலே மிதக்கும் அதன் நுண்விதைகள் வில்லையின் இடுக்குகளிலே தங்கிவிடுகின்றன. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபதைத் தாண்டிப் பல நாள் நிற்குமாயின் அவை முளைவிடுகின்றன. கண்ணாடியிலே படிந்த தூசியும் விரலெண்ணெயுமே அவற்றுக்கு உணவு. முதலிலே சிலந்தி நூல் போன்ற மெல்லிய இழைகள் தோன்றும். அந்நிலையிலே துடைத்துவிடலாம். கவனியாது விட்டால் அவை சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடும். பின்னர் பூஞ்சணத்தை நீக்கினும் தழும்பு நீங்காது. கண்ணிலே புரை விழுந்தாற்போல வில்லை மங்கிப்போம்.

இதற்கு நாம் கண்ட மருந்து எளியது. கமராவை அதன் தோலுறையிலே வைத்தல் ஆகாது. தோல் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பேணிக் காக்கும் செவிலித்தாய். காற்றுப் புகாத பெட்டியொன்றிலே சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் இட்டு மூடிவைக்க வேண்டும். புதிய சப்பாத்துப் பெட்டிகளிலே 'உண்ணற்க' என்ற எச்சரிக்கையுடன் கிடக்கும் அப்பொட்டலங்களை எம் மாணவர்கள் சேர்த்து வந்து தருகிறார்கள். உள்ளிருக்கும் மணிகளை அவ்வப்போது வெறுஞ்சட்டியிலே மெல்லச் சூடாக்கினால் உறிஞ்சிய ஈரத்தை விட்டுவிட்டு மீண்டும் வேலைக்கு ஆயத்தமாகிவிடும். பெட்டியை மாதம் ஒருமுறையேனும் திறந்து, கமராக்களை வெளிச்சத்திலே வைத்து, ஒவ்வொன்றையும் நாலைந்து முறை இயக்கிப் பார்ப்பது எம் ஞாயிற்றுக்கிழமைக் கடன்.

இந்த ஞானமெல்லாம் பிறக்கும்போதே எமக்கு வந்ததன்று. ஓர் இழப்பின் பின்னரே வந்தது. அதனையும் மறையாது சொல்லிவிடுகிறோம்.

எம் தந்தையாரிடம் ஓர் 'அக்பா ஐசோலெற்' கமரா இருந்தது. 1950களிலே ஜேர்மனியிலிருந்து வந்த மடிப்புக் கமரா. ஒரு பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, துருத்தி போன்ற தோல்மடிப்பு நீண்டு, வில்லை தானாக முன்னே வந்து நிற்கும். எம் சிறுவயதிலே அஃது எமக்கு ஒரு மாயப்பெட்டி. எமது குடும்பத்தில் இன்று எஞ்சியுள்ள பழைய படங்கள் யாவும் அதன் வில்லையினூடாக வந்தவையே. தந்தையார் மறைந்து சில ஆண்டுகளின் பின் அதனை எடுத்துப் பார்த்தபோது, தூரத்தைச் சரிசெய்யும் வளையம் அசைய மறுத்தது. பௌதிகம் கற்பிக்கும் எமக்கு இஃதொரு பொருட்டா என்ற செருக்கிலே குறட்டைக் கொண்டு திருகினோம். வளையம் சுழன்றது. வெற்றி என்று மகிழ்ந்தோம். வில்லையிலே படிந்திருந்த மங்கலையும் சட்டைத் தலைப்பாலே அழுத்தித் துடைத்தோம்.

பிலிம் ஒன்றை வாங்கிப் படம் எடுத்தோம். பன்னிரண்டு படங்களிலே ஒன்றேனும் தெளிவாக இல்லை. அதன் காரணத்தைப் பிற்பாடுதான் அறிந்தோம். அக்கம்பனியார் அந்நாளிலே இட்ட பச்சைநிறக் கிரீசு காலப்போக்கிலே அரக்குப்போல இறுகிவிடும் இயல்பினது. முன்வில்லை மட்டும் தனித்துச் சுழன்று முன்னும் பின்னும் நகர வேண்டும். இறுகிய கிரீசோ முன்வில்லையையும் அதன் பின்னுள்ள வில்லையையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. நாம் பலவந்தமாகத் திருகியபோது இரண்டும் சேர்ந்து சுழன்று, தொழிற்சாலையிலே அமைத்த அளவு குலைந்துபோயிற்று. அந்த அளவையேனும் பின்னர் மீட்டுக்கொண்டோம். மீட்க முடியாதது வேறொன்று. ஒளி வீணே தெறிக்காதிருக்கும்பொருட்டு வில்லையின்மீது மெல்லிய பூச்சொன்று இட்டிருப்பர். சட்டைத் தலைப்பிலிருந்த உப்புத் துகளும் மணற் துகளும் அப்பூச்சைக் கீறிவிட்டன. இன்று அக்கமராவைச் சூரியன் பக்கம் திருப்பினால் படமெங்கும் வெண்புகை படர்கிறது. தந்தையாரின் கையிலே எழுபது ஆண்டு தாங்கவல்லதாக இருந்த கருவியை அரைமணி நேரத்திலே குருடாக்கியவர் அவருடைய மகனே. அலுமாரியிலே முதலிடம் அதற்குத்தான் கொடுத்திருக்கிறோம். எம் செருக்கை அடக்க அதைவிடச் சிறந்த ஆசான் இல்லை.

அதன் பின்னரே முறையாகக் கற்கத் தொடங்கினோம். சிலாபத்திலே கடிகாரம் திருத்தும் முதியவர் ஒருவர் எமக்குக் குருவாக அமைந்தார். திருகாணியின் பிளவுக்குப் பொருந்திய அகலமுள்ள திருப்புளியையே எடுக்க வேண்டும்; மேசைமீது வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே இடமிருந்து வலமாக வைக்க வேண்டும்; எது அசைய மறுக்கிறதோ அதனிடம் பலத்தைக் காட்டாமல் ஒரு துளி கரைப்பானை இட்டு மறுநாள் வரை பொறுத்திருக்க வேண்டும். இவை மூன்றும் அவர் தந்த பாடங்கள். நான்காவது ஒன்றை நாமே சேர்த்துக்கொண்டோம். ஒவ்வொரு திருகாணியைக் கழற்றுமுன்னும் கைத்தொலைபேசியாலே ஒரு படம் எடுத்துக்கொள்வோம். மீண்டும் பூட்டும்போது அப்படங்களே வழிகாட்டி. நாம் ஏளனம் செய்யும் கைத்தொலைபேசி எம் பழங்கமராக்களுக்குத் தாதியாக நிற்பதைக் கண்டு இல்லாள் நகைப்பதுண்டு.

மாணவர்க்கும் பயன்படும் என்பதாலே சில பரிகாரங்களை இங்கே குறிப்பிடுவோம். மடிப்புக் கமராவின் தோலிலே ஊசித்துளைகள் உளவோ என்பதை அறிய, இருட்டறையிலே உள்ளே ஒரு சிறு டோர்ச்சை எரியவிட்டு வெளியே பார்க்க வேண்டும். மடிப்பின் முனைகளிலே விண்மீன்கள் போல ஒளிப்புள்ளிகள் தோன்றுமாயின் அவையே படத்தைக் கெடுக்கும் துளைகள். ஷட்டரின் மெல்லிய இதழ்கள் ஒட்டிக்கொண்டால் அவற்றுக்கு எண்ணெய் இடுதல் பெருந்தவறு. அவ்விதழ்கள் உலர்ந்தே இயங்க வேண்டியவை. எண்ணெய்தான் அவற்றை ஒட்டவைக்கும் குற்றவாளி. சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெற்றோலிலே நனைத்துத் துடைப்பதே முறை. வில்லையின் தூர அளவைச் சரிபார்க்க, பிலிம் இருக்கும் இடத்திலே ஒளி புகும் மங்கிய தாளொன்றை ஒட்டி, மிகத் தொலைவிலுள்ள பொருளை நோக்க வேண்டும். நாம் களப்புக்கு அப்பால் நிற்கும் காற்றாலைகளை நோக்குவது வழக்கம். அவற்றின் சிறகு மங்கிய தாளிலே தலைகீழாகக் கூர்மையாகத் தெரியும் கணத்தில், நூலிலே படித்த ஒளியியல் கண்முன்னே நடைபெறுகிறது. கரும்பலகையிலே பத்துமுறை வரைந்து காட்டியும் விளங்காத மாணவனுக்கு அத்தாளை ஒருமுறை காட்டியதும் விளங்கிவிட்ட அற்புதத்தை நாம் கண்டிருக்கிறோம்.

இக்கருவிகளின் வரலாறும் சுவையானது. 1900ஆம் ஆண்டிலே கொடாக் நிறுவனத்தார் 'பிரௌனி' என்னும் பெட்டிக் கமராவை ஒரு டொலர் விலைக்கு விற்கத் தொடங்கியபோதுதான் படம் பிடித்தல் செல்வரின் முற்றத்தைத் தாண்டிப் பிள்ளைகளின் கைக்கும் வந்தது. 1925இலே ஒஸ்கார் பார்னாக் என்னும் ஜேர்மானியரின் கைவண்ணமான 'லீக்கா' சந்தைக்கு வந்து, கமராவைச் சட்டைப் பைக்குள் அடங்கச் செய்தது. 1929இலே இரட்டைக் கண் படைத்த 'ரோலைபிளெக்ஸ்' தோன்றியது. அதனை வயிற்றோடு அணைத்துத் தலைகுனிந்து பார்க்க வேண்டும். படம் எடுப்பவர் எதிரிலுள்ளவரை வணங்குவதுபோலத் தோன்றும்.

லீக்காவையும் ரோலைபிளெக்ஸையும் கையாண்டு இலங்கையின் பெயரை உலகறியச் செய்தவர் லயனல் வென்ற். 1900இலே பிறந்து 1944இலே மறைந்த அவர் சட்டமும் பியானோ இசையும் பயின்றவர். ஈற்றிலே ஒளியினாலேயே புகழ் பெற்றார். இலண்டனில் அவருடைய படங்கள் தனிக் காட்சியாக வைக்கப்பட்டன. அவர் மறைந்த பின் 1950இலே வெளிவந்த தொகுதி நூலும், அவர் கையாலேயே அச்சிட்ட படங்களுமே இன்று எஞ்சியுள்ளன. மூலப் பிலிம்கள் அழிந்துபோயின. கொழும்பிலே அவர் பெயர் தாங்கிய அரங்கிலே நாடகம் பார்க்கச் செல்வோர் பலருக்கு அவர் படக்கலைஞர் என்பது தெரியாதிருப்பது வியப்பே.

இன்னொரு தொடர்பு எமக்கு எப்போதும் உவகை தருவது. 1960களின் பிற்பகுதியிலே யப்பானிலே செய்யப்பட்ட 'தக்குமார்' வில்லை ஒன்று எம்மிடம் உண்டு. ஒளியை மிகுதியாக வளைக்கும் பொருட்டு அதன் கண்ணாடியிலே தோரியம் என்னும் கதிர்த்தொழிற்பாடுடைய மூலகத்தைச் சிறிது சேர்த்திருக்கிறார்கள். அதன் விளைவாகக் கண்ணாடி காலப்போக்கிலே தேநீர் நிறமாக மஞ்சளித்துவிடும். இதற்கு மருந்து யாது? வெயிலே மருந்து. பல நாள் வெயிலிலே வைத்தால் மஞ்சள் படிப்படியாகக் குறையும். வடகம் காயும் சுளகின் பக்கத்திலே வில்லையைக் காயவைத்தோம். காகம் கொத்தாமல் இரண்டுக்கும் ஒருங்கே காவலிருந்தோம். தோரியம் செறிந்த 'தோரியனைற்' என்னும் கனிப்பொருளை இந்நாட்டு மண்ணிலே 1904இலே கண்டறிந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. அதே குமாரசுவாமி பின்னாளிலே பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிலே பணியாற்றியபோது, அமெரிக்கப் படக்கலைஞர் ஸ்ரீக்லிற்சின் 27 படங்களை 1924இலே அந்நூதனசாலைக்குக் கிடைக்கச் செய்தார். படம் பிடித்தலும் சிற்பத்தோடும் ஓவியத்தோடும் ஒப்பவைக்கத்தக்க கலை என்பதை ஏற்க அறிஞர் பலர் தயங்கிய காலம் அது. கல்லையும் கலையையும் ஒரே கண்ணாலே பார்த்த அப்பெரியாரை எண்ணும்போது, எம் பித்துக்கும் ஒரு குலமரபு உண்டென்று தேற்றிக்கொள்கிறோம்.

கமராவைச் சேர்த்துப் பூட்டிவைப்பதிலே எமக்கு இன்பமில்லை. அவை வேலை செய்ய வேண்டும். விடுமுறை நாள்களிலே மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு உடப்புக் கரைக்குச் செல்வோம். வைகறையிலே கரைவலை இழுக்கும் தொழிலாளர்கள் அம்பா பாடிக்கொண்டு பின்னோக்கி அடியெடுத்து வைக்கும் காட்சி கண்கொள்ளாதது. ஒரு சுருளிலே பன்னிரண்டு படம். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர் பிலிமின் விலையோ கேட்கவே அச்சந்தருவது. ஆகவே மாணவன் கண்டபடி பொத்தானை அழுத்த முடியாது. முதலிலே நிற்க வேண்டும், பார்க்க வேண்டும், சம்மாட்டியிடமும் தொழிலாளரிடமும் இசைவு கேட்க வேண்டும். வலை இழுபடும் வேகம், மடி கரைக்கு வரும் நேரம், மீன்காகங்கள் சூழும் திசை ஆகிய யாவற்றையும் அறிந்த பின்னரே ஒரு படம் எடுக்கலாம். ஒருநாள் ஒரு மாணவி இரண்டு மணி நேரம் நின்றும் ஒரு படமேனும் எடுக்காமல் திரும்பினாள். "ஏன் அம்மா?" என்று கேட்டோம். "இன்றைக்கு மீன் இல்லை சேர். அவர்களுடைய முகத்தைப் பார்த்தேன், எடுக்க மனம் வரவில்லை," என்றாள். அவளுக்கு நாம் கற்பிக்க வேண்டியது இனி அதிகமில்லை என்று எண்ணிக்கொண்டோம்.

ஒளிமானி இல்லாமலே ஒளியை அளக்கும் பழைய சூத்திரத்தையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று. வெயில் தெளிவாக எறிக்கும் நாளிலே துவாரத்தை எஃப் 16இலே நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்கு ஷட்டரை ஒரு செக்கனில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்குக்கு அமைத்தால் படம் சரியாக வரும். எமது கரையிலே வெண்மணலும் கடலும் ஒளியைத் திருப்பி வீசுவதாலே எஃப் 22க்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். ஊருக்கு ஏற்ப உணவிலே உப்பின் அளவு மாறுவதில்லையா? அதுபோலத்தான்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருவோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதிலே, எம் மாணவன் ஒருவன் தன் பெரியப்பாவை அழைத்துக்கொண்டு எம் வீட்டுக்கு வந்தான். அறுபது வயதை நெருங்கிய முஸ்லிம் அன்பர். கற்பிட்டிப் பக்கத்திலே சிறு கடை வைத்திருப்பவர். கையிலே ஒரு துணிமுடிச்சு. அவிழ்த்தார். உள்ளே ஒரு 'யாஷிக்கா எலெக்ட்ரோ'. யப்பானிலே 1966 முதல் செய்யப்பட்ட வரிசையைச் சேர்ந்தது.

"இது என்ட மூத்த நானாட கமரா சேர். அவர் மௌத்தாகிப் பத்து வருசம். இதைத் திருத்த வேணாம். உள்ளுக்குள்ள பிலிம் கிடக்கு. அதைப் பார்க்க ஏலுமா?" என்று கேட்டார்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தத்தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டதை வாசகர் அறிவர். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களிலே புறப்பட்டுக் கற்பிட்டிக் கரையிலே வந்திறங்கிய குடும்பங்களுள் இவருடையதும் ஒன்று. எவற்றை எடுத்துச் செல்லலாம் என்பதும் வரையறுக்கப்பட்டிருந்த நாள்கள் அவை. தமையனார் அக்கமராவைப் பிடவையிலே சுற்றிச் சோற்றுப் பானைக்குள் வைத்து மூடிக்கொண்டு வந்தாராம். வந்த பின்னர் அதனை அவர் இயக்கவுமில்லை; திறக்கவுமில்லை. மண்ணெண்ணெய்ப் பெட்டியிலிருந்து தகரக் கொட்டிலுக்கும், கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கும் அது இடம் மாறியதே தவிர, உள்ளிருந்த பிலிம் அப்படியே கிடந்தது.

அவர் பேசிய தமிழும் எம் தமிழும் ஒரே தமிழ். எனினும் அவர் கதையைக் கேட்டபோது எம்மால் அவர் முகத்தை நேரே நோக்க முடியவில்லை. "நானா, உறுதி சொல்ல எம்மால் இயலாது. ஒரே ஒரு முறைதான் முயலலாம். பிழைத்தால் எல்லாம் போய்விடும்," என்றோம். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். "பெட்டிக்குள்ள கிடந்தாலும் போறதுதானே சேர்," என்றார்.

எண்காட்டியிலே 22 என்று இருந்தது. கதவோரத்துப் பஞ்சு தாராக இளகியிருந்தது. மின்கலம் பொங்கிப் பச்சை பூத்திருந்தது. தந்தையாரின் கமராவைப் பாழாக்கிய அந்த அரைமணி நேரம் எம் நினைவை விட்டு அகலவில்லை. ஒரு வாரம் ஒன்றும் செய்யாமல், வேறொரு பழைய பிலிமைக் கொண்டு இருட்டிலே ஒத்திகை பார்த்தோம்.

பிலிம் நிறப் பிலிம். நிறம் தரும் சாயங்கள் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தாங்கியிரா. ஆயினும் ஒளி பட்ட இடத்து வெள்ளி எஞ்சியிருக்கலாம். ஆகவே கறுப்பு வெள்ளை முறையிலே கழுவத் தீர்மானித்தோம். அதற்குரிய டி-76 என்னும் திரவம் 20 பாகை வெப்பநிலையிலே இருத்தல் நன்று. எமது ஊர்க் குழாய்நீரோ 29, 30 பாகைக்குக் குறைவதில்லை. அச்சூட்டிலே பழைய பிலிமின் மேற்படலம் இளகி உரிந்துவிடக்கூடும். மீன் வாடியிலிருந்து ஒரு வாளி ஐஸ் வாங்கி வந்தோம். குசினியின் யன்னல்களைக் கம்பளியால் மூடி, நள்ளிரவிலே கமராவைத் திறந்தோம். படம் விழாத வாற்பகுதியிலே ஒரு துண்டை வெட்டி முதலிலே பரீட்சித்து, எவ்வளவு புகார் படிந்திருக்கிறது என்பதை அறிந்துகொண்டு, எஞ்சியதைத் தொட்டியில் இட்டோம். அன்றிரவு எம் இல்லாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிடங்களைச் சொன்னார். அலுமாரியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இருபத்திரண்டிலே பதினான்கு வெறும் புகார். ஐந்திலே ஏதோ நிழல்கள். தென்னையோ மனிதரோ என்று துணிய முடியவில்லை. மூன்றிலேதான் உருவம் இருந்தது. ஒன்றிலே தூண் வைத்த விறாந்தையும் சாய்த்துவைத்த சைக்கிளும். மற்றொன்றிலே கடற்கரையும் கட்டிய வள்ளமும். மூன்றாவதிலே ஒரு கிணறு. கிணற்றடியிலே குனிந்து கயிற்றை இழுக்கும் ஒரு பெண். முக்காடிட்ட தலை திரும்பியிருந்ததால் முகம் தெரியவில்லை.

மங்கிய பிலிமாதலால் பெரிதாக்கி அச்சிடவே இரண்டு நாள் சென்றது. அவரும் அவருடைய மூத்த சகோதரியாரும் வந்தனர். கிணற்றைக் கண்டவுடன் இருவருக்கும் ஐயமிருக்கவில்லை. "எங்கட கிணறு," என்றார் அவர். கைவிரலாலே கிணற்றுக் கட்டைத் தடவிப் பார்த்தார். பின்பு, "உம்மா," என்றார்.

"இல்ல. இது சாச்சி," என்றார் சகோதரியார். "உம்மா சோத்தாங் கையாலதான் கயிறு புடிப்பா. இது பீச்சாங் கை."

அன்பர் எம்மை நோக்கினார். பிலிமைத் திருப்பிப் போட்டு அச்சிட்டால் இடம் வலமாகிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். நாம் பிலிமை வெளிச்சத்திலே பிடித்து, ஓரத்திலுள்ள இலக்கங்கள் நேராக வாசிக்கத்தக்கனவாயிருப்பதைக் காட்டினோம். அச்சு சரியே, கை இடக்கையே. "அந்த மாசம் உம்மாக்குக் கையில காயம். மறந்திட்டீங்களா ராத்தா?" என்றார் அவர். சகோதரியார் தலையை அசைத்தார். அந்த அசைவு இணக்கமா மறுப்பா என்பது எமக்கு விளங்கவில்லை. தாயாரும் சிறிய தாயாரும் இன்று இல்லை. படத்தை எடுத்தவரும் இல்லை. கேட்பதற்கு யாருமில்லை.

படம் உண்மையைச் சொல்லும் என்று வகுப்பிலே நாம் சொல்வதுண்டு. அன்று அது கிணற்றையும் கயிற்றையும் கையையும் சொன்னது, பெயரைச் சொல்லவில்லை. ஆயினும் அவ்விருவரும் அப்படத்தின்முன் ஒரு மணி நேரம் இருந்து, முப்பது ஆண்டுகளாகப் பேசாதிருந்த வீட்டைப் பற்றிப் பேசினர். முற்றத்து முருங்கை, களவாய் ஏறிய மதில், பெருநாள் காலையிலே அக்கிணற்றடியில் நடந்த சண்டை என ஒவ்வொன்றாக வந்தன. உடன் வந்த மாணவன் அவற்றுள் ஒன்றையும் முன்னர்க் கேட்டதில்லையாம். வாய் திறந்தவாறு இருந்தான்.

செல்லும்போது இரண்டு பிரதிகள் கேட்டனர். அச்சிட்டுக் கொடுத்தோம். பின்புறத்திலே பெயர் எழுதிவையுங்கள் என்று, எவருக்கும் சொல்வதுபோல, அவர்களுக்கும் சொன்னோம். பேனா கொடுத்தோம். அவர் தம் படத்தின் பின்னே 'உம்மா' என்று எழுதினார். சகோதரியார் தம் படத்தின் பின்னே 'சாச்சி' என்று எழுதினார். இருவரும் ஒரே ஓட்டோவிலே ஏறிச் சென்றனர்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளுடன் இதனை முடிக்கின்றோம். உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டகத்திலோ பழைய கமரா ஒன்று கிடக்குமாயின், அதன் பின்கதவை வெளிச்சத்திலே திறந்துவிடாதீர்கள். உள்ளே பிலிம் இருக்கக்கூடும். வில்லையைச் சட்டைத் தலைப்பாலே துடையாதீர்கள். அசையாத வளையத்தைக் குறடு கொண்டு திருகாதீர்கள். வீட்டிலுள்ள பழைய படங்களை இந்த வாரமே எடுத்து, வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு, பின்புறத்திலே பென்சிலால் பெயரையும் ஊரையும் எழுதிவையுங்கள். முடியுமாயின் ஆண்டையும் எழுதுங்கள்.

எம் இல்லாளின் வினாவுக்கு வருவோம். யாஷிக்காவை அன்பர் எம்மிடமே விட்டுச் சென்றார். அதனை வைக்க இடம் தேடியபோது, அலுமாரியின் நடுத்தட்டிலிருந்த சேலைகளை அவர் தாமே ஒதுக்கிக் கொடுத்தார்.